சித்தி மடியில் ஒரு சொல்

சொத்துக்காக அடுப்பு பிரிந்த வீடுகள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. வாய்க்கால் தண்ணீரில் ஆரம்பித்து அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன கதையும் உண்டு. எங்கள் வீட்டில் அடுப்பு பிரிந்தது குழந்தைக்குக் காட்டும் ஒரு படப் புத்தகத்தால். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் யாராவது கேட்டால் என் கணவர், "இடம் பத்தலைங்க, அதான்" என்று மழுப்பிவிடுவார். எனக்கு மழுப்ப வராது.

எனக்குப் பிறந்த ஊர் மயிலாடுதுறை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பி.எட். முடித்திருந்தேன், வேலைக்குப் போகவில்லை. மாமியார் நான் வருவதற்கு முன்பே தவறிவிட்டார். வீட்டில் மாமனார், கணவரின் அண்ணன், அவர் மனைவியான என் ஓரகத்தி, நாங்கள் இருவர். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அறுவடை மிஷினையும் வாடகைக்கு ஓட்டினார். என் கணவருக்குத் தஞ்சாவூரில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் வீடு திரும்புவார். ஆகவே பகல் முழுக்க அந்த வீடு என் ஓரகத்தியின் ராஜ்ஜியம். அவளைக் கெட்டவள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. மசக்கையில் நான் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுத்த காலத்தில், வேளைக்கு ஒரு துவையல் அரைத்து என் தட்டில் வைத்தவள் அவள்தான்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். நான் வந்த வேகத்தில் உண்டாகிவிட்டேன். அதே சமயத்தில் அவளுக்கும் வைத்தியம் பலித்தது. எனக்கு மகள் பிறந்த சில மாதத்தில் அவளுக்கு மகன் பிறந்தான். ஒரே வீட்டில் இரண்டு தொட்டில். அப்போது அது எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மகள் உட்காரப் பழகியதும் கும்பகோணத்தில் ஒரு கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். கெட்டி அட்டை, பக்கத்துக்கு ஒரு படம், எழுத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. அவள் வாங்கிய கையோடு ஒரு மூலையைக் கடித்துச் சப்ப ஆரம்பித்தாள். மாமனார் பதறிவிட்டார். சரஸ்வதியை எச்சில் பண்ணலாமா?

"விஜயதசமி அன்னிக்கு நெல்லைப் பரப்பிக் கையைப் பிடிச்சு எழுத வச்சப்புறம்தாம்மா இந்த வீட்டுல புத்தகத்தைத் தொடுறது. பல்லு முளைக்காததுக்குப் புத்தகமா?"

"இது படிக்கறதுக்கு இல்ல மாமா. பேசறதுக்கு."

"பேசறதுக்குப் புத்தகம் எதுக்கு? வாய் இருக்குல்ல?" என்றார். ஓரகத்தி அடுப்படியிலிருந்து சிரித்தாள். பி.எட். படித்த மருமகள் பால்குடிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள் என்று தெருவில் பேச்சாகிவிட்டது.

நடத்திவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன். சாப்பாட்டு வேலை முடிந்ததும் மகளை மடியில் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறப்பேன். இது என்ன, அது என்ன என்று அவளை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அது பரீட்சை. நானாக அளந்துகொண்டே இருப்பேன். புத்தகத்தை வரைந்தவர் எந்தக் குளிர் தேசத்துக்காரரோ, பனிக்கட்டியில் கட்டின வீடு ஒன்று வரைந்திருந்தார். பாபநாசத்து வெயிலில் அதை நான் எப்படி விளக்குவது? "பாரு, யாரோ ஒரு பெரிய இட்லியைக் கவுத்து வச்சிருக்காங்க. உள்ள ஒரு மாமா உக்காந்து சாப்பிடறாரு" என்பேன். கறுப்பாக ஒரு பறவை இருந்தது. அந்த ஊரில் அதற்கு என்ன பெயரோ, எங்களுக்கு அது காக்கா. மகள் கொழகொழவென்று என்னென்னவோ பதில் சொல்வாள். ஒன்றரை வயதில் அவள் பேச்சு நின்றால்தான் வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கும் என்ற நிலை.

ஓரகத்தியின் மகன் தவழ்ந்து வந்து மறுபக்கத் துடையில் ஏறியது தானாக நடந்தது. அவனுக்குச் சோறு இறங்க வேண்டுமென்றால் செல்போனில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அழுதால் போன், தூங்க வைக்கப் போன். அந்தப் பிள்ளை போனைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தான். சத்தம் எதுவும் காட்ட மாட்டான். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்துப் படத்தின் மேல் வைப்பான். வைத்துவிட்டு என் வாயையே பார்ப்பான். நான் சொல்லி முடித்ததும் விரலை எடுத்து அடுத்த படத்தில் வைப்பான். அவனோடு அப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. என் மகள் படபடவென்று தாளைப் புரட்டுவாள், இவன் ஒரு படத்தில் வெகுநேரம் தங்குவான்.

இரண்டு வயது தாண்டியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்றார்கள். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினார்கள், தேன் தடவினார்கள். கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொண்டார்கள். ஓரகத்தி வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தாள். இவ்வளவும் செய்தவர்கள், அவனோடு உட்கார்ந்து பேசுவதை மட்டும் செய்யவில்லை. பதில் சொல்லாத பிள்ளையிடம் என்னத்தைப் பேசுவது என்று நினைத்தார்களோ என்னவோ.

அந்த வருஷம் பொங்கலுக்குத் திருவிடைமருதூரிலிருந்து மாமனாரின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். புத்தகத்தைக் கண்டால் முகம் சுளித்த அதே மாமனார், "அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வாம்மா, நம்ம பாப்பா எப்படிச் சொல்றா பாருங்க" என்று பெருமையாகக் கூப்பிட்டார். வந்தவர்கள் முன்னால் பிள்ளையைப் பாடச் சொல்வதும் ஆடச் சொல்வதும் நம் வீடுகளில் காபி கொடுப்பது மாதிரி ஒரு மரியாதை. எனக்கு இஷ்டமில்லை. ஆனால் மகள் கூட்டத்தைப் பார்த்ததும் குஷியாகி எல்லாவற்றையும் கொட்டினாள். "இட்டி வீடு!" என்றபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓரகத்தியும் காபித் தட்டோடு நின்று சிரித்தாள்.

வந்திருந்த அம்மாள் ஒருத்தி புத்தகத்தை வாங்கி அந்தப் பையன் பக்கம் திருப்பினாள். "நீ சொல்லுடா ராஜா, இது என்ன?"

அவன் அவள் விரலைப் பிடித்துப் படத்தின் மேல் வைத்தான். வைத்துவிட்டு அவள் வாயைப் பார்த்தான்.

"நான் சொல்றது இல்லடா. நீ சொல்லு."

அவன் காத்திருந்தான். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவனும் விரலை எடுத்து எடுத்து வைத்தான். பிறகு அந்த அம்மாள் என் மாமனார் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, "காது வாய் ரெண்டும் இல்லையோ?" என்று கேட்டாள். கூடம் முழுக்கக் கேட்டது. ஓரகத்தி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

சாயங்காலம் மாமனார் என்னைக் கூப்பிட்டார். அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்ல நாளும் அதுவுமா பெரியவ மனசு நொந்துபோச்சு. தம்பி பேசற வரைக்கும் அந்தப் புத்தகத்தை உள்ள வச்சிடும்மா. யாராச்சும் வந்தா பாப்பாவைக் கொஞ்சம் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போயிடு. அவ பேசறதைக் கேட்டாத்தானே இவன் பேசலைங்கறது தெரியுது?"

"பாப்பா வாயை மூடிக்கிட்டா தம்பிக்குப் பேச்சு வந்துடுமா மாமா?"

"எதிர்த்துப் பேசாதேம்மா. ஒரு வீடுன்னா அனுசரிச்சுத்தான் போகணும்."

என் கணவரும் "கொஞ்ச நாள்தானே, விட்டுக்கொடு" என்றார். இந்தக் கொஞ்ச நாளில்தான் குழந்தைக்கு நாக்கு புரள வேண்டும், இதை விட்டால் பிறகு மல்லுக்கட்ட வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். வயலுக்குத் தண்ணீர் விட வேண்டிய நாளில் விடாமல், கதிர் வருகிற நேரத்தில் மடையைத் திறந்து என்ன பயன் என்றுகூடக் கேட்டேன். விவசாயம் பார்த்த குடும்பமாயிற்றே, அதாவது புரியும் என்று நினைத்தேன். புரியவில்லை. ஒரு பிள்ளை பேசவில்லை என்பதற்காகப் பேசுகிற பிள்ளையின் வாயை மூடிய வீடு எங்களுடையது. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் மகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓட வேண்டும். அவள் சத்தமாக எதையாவது சொன்னால் ஓரகத்தி, "வாயாடி, கண்ணு பட்டுடப்போவுது" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். என் மகள் கெட்டிக்காரி. சீக்கிரமே, வாயைத் திறப்பதற்கு முன்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்க்கக் கற்றுக்கொண்டாள். இப்போதும் அப்படித்தான். மிஸ் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் முழிக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள்.

புத்தகத்தை உள்ளே வைத்தேன். ஆனால் மாமனார் கண்ணயர்ந்து, ஓரகத்தி சீரியல் பார்க்க உட்கார்ந்ததும், மகளோடு அதையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் பம்புசெட்டு நிழலுக்குப் போய்விடுவேன். என் வீட்டில் என் பிள்ளையோடு பேசத் திருட்டுத்தனம். பையனை நான் கூப்பிடவில்லை. அவனே தேடிக்கொண்டு வந்தான். வந்தவனைத் துரத்த எனக்கு மனசில்லை.

மாசி மாதம், அறுவடை முடிந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். அவன் மடியில் இருந்தான். வழக்கம்போல் என் விரலைப் பிடித்துக் கறுப்புப் பறவை மேல் வைத்தான். மகள் முழித்துக்கொள்ளப் போகிறாளே என்று நான் ஒரு நொடி வாயைத் திறக்காமல் இருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு புத்தகத்தைப் பார்த்து, "காக்கா" என்றான். தெளிவாக, ஏதோ தினமும் சொல்லிக்கொண்டிருப்பவன் மாதிரி.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்கா! தம்பி பேசிட்டான்க்கா!" என்று கத்தினேன். ஓரகத்தி சீரியலை விட்டு, முந்தானை தடுக்கத் தடுக்க ஓடி வந்தாள். என் முன்னால் மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன், அவ்வளவு ஆசை அதில்.

"என்ன சொன்னான்? என்ன சொன்னான்?"

"காக்கான்னு சொன்னான்க்கா."

"எங்க, அம்மாட்ட சொல்லு தங்கம். சொல்லுடா. அம்மாவைப் பாரு, சொல்லு."

அவன் பார்த்தான், சொல்லவில்லை. அவள் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள், புத்தகத்தை முகத்துக்கு நேராக நீட்டினாள், கெஞ்சினாள், அதட்டினாள். அவன் அழுதுகொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அங்கேதான் எல்லாம் மாறியது. அவள் எழுந்து அவனை என்னிடமிருந்து பிய்த்து எடுத்தாள்.

"என் பிள்ளை முதல்ல பேசினா அம்மான்னுதான் பேசுவான். உன் மடியில உக்காந்துகிட்டுக் காக்கான்னானா? ஏன் பொய் சொல்ற?"

"பொய் சொல்லி எனக்கு என்னக்கா கிடைக்கப்போவுது?"

"உன் பொண்ணு பேசறது பத்தலை. என் பிள்ளையையும் நீதான் பேச வச்சேன்னு ஊர்ல சொல்லணும். எனக்காக நீ பரிதாபப்பட வேணாம். போதும்."

சாயங்காலம் பஞ்சாயத்து. மாமனார், அண்ணன், என் கணவர் மூவரும் நாற்காலி போட்டு உட்கார, நடுவில் அந்தப் பிள்ளையை நிறுத்திப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் யார் விரலையும் பிடிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஆக, நான் பொய்க்காரி என்று தீர்ப்பாயிற்று. "அவளுக்குப் பிரமையா இருக்கும்" என்று என் கணவர் எனக்காகப் பரிந்து பேசினார். அதற்கு அவர் பேசாமலே இருந்திருக்கலாம்.

வெயில் காலம் முடிவதற்குள் அடுப்பு பிரிந்தது. கூடத்துக்கு நடுவில் செங்கல் சுவர் எழும்பியது. மாமனார் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். ஆண்களுக்கு இதிலெல்லாம் நஷ்டம் கிடையாது. அண்ணனும் தம்பியும் பாபநாசம் டீக்கடையில் சந்தித்து எப்போதும்போல் பேசிக்கொண்டார்கள். அங்கேதான் ஒருநாள் அண்ணன் சொல்லியிருக்கிறார், பையனைத் தஞ்சாவூரில் பேச்சுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் காட்டினோம் என்று.

"காது நல்லா இருக்காம். நாக்குலயும் ஒண்ணும் இல்லையாம்" என்றார் என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"அப்புறம்?"

"போனை நிறுத்தச் சொன்னாங்களாம். மத்த குழந்தைங்களோட விளையாட விடணுமாம். அப்புறம் வந்து..." என்று இழுத்தார். "தினம் மடியில உக்கார வச்சு, படப் புத்தகம் காட்டிப் பேசணுமாம்."

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மறுநாள் அந்தப் புத்தகத்தைத் துடைத்து என் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். இதன் படமெல்லாம் அவனுக்குப் பழக்கம், இதிலிருந்து ஆரம்பித்தால் சுலபம் என்று சொல்லச் சொன்னேன். போன கையோடு திரும்பி வந்தது. புதிதாகவே நிறைய வாங்கிவிட்டார்களாம்.

வாங்கியிருந்தார்கள். தினமும் மாலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் நடக்கும். "இது என்ன? சொல்லு. நேத்து சொல்லிக் குடுத்தேன்ல? சொல்லு!" பிறகு துடையில் விழுகிற அடியின் சத்தம், அழுகை. பொறுக்க முடியாமல் ஒருநாள் அவர்கள் வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, அவன்கிட்ட கேக்காதீங்க. நீங்க சொல்லுங்க. உங்க விரலை அவன் கையில குடுத்துப் பாருங்க."

"நீ போய் உன் பொண்ணுக்கு நடத்து" என்று கதவைச் சாத்தினாள்.

அவள் இடத்தில் நின்று பார் என்று என் அம்மா போனில் சொல்வாள். பார்த்துவிட்டேன். தவமிருந்து பெற்ற பிள்ளை, முதல் வார்த்தையை இன்னொருத்தி மடியில் சொன்னால் எந்த அம்மாவுக்கும் வலிக்கும். புரிகிறது. புரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? அவளுக்கு வலித்ததற்கு அடி வாங்கியது அந்தப் பிள்ளை.

இப்போது இரண்டு பேரும் எல்.கே.ஜி. போகிறார்கள், வெவ்வேறு பள்ளிக்கூடம். அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். சுவருக்கு அப்பால் அவன் குரல் அவ்வப்போது கேட்கும், வார்த்தை பிடிபடாது. அந்தக் காக்காவுக்குப் பிறகு என் எதிரில் அவன் பேசியதில்லை. என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான்.

போன வாரம் காலையில் பள்ளி வேனுக்காக மகளோடு வாசலில் நின்றிருந்தேன். அவன் அவர்கள் வாசலில் தனியாக, பையை மாட்டிக்கொண்டு நின்றான். மகள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "டேய், எங்க வீட்டுல பூனை குட்டி போட்டிருக்கு. வந்து பாக்குறியா?" என்று மெல்லக் கேட்டாள். அவன் கிட்டே வந்தான். எங்கள் கேட்டைத் தொடாமல் நின்று, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

"சித்தி, உங்க வீட்டுக்குள்ள வந்தா காலை ஒடிச்சிடுவேன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

எங்கும் தடுக்கவில்லை, திக்கவில்லை. சித்தி என்று அவன் வாயால் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். எவ்வளவு அழகாகப் பேசுகிறான், எவ்வளவு நீளமாகப் பேசுகிறான் என்று எனக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோய், சிரித்துக்கொண்டே நின்றேன். என் மகளுக்கு உடனே புரிந்துவிட்டது, முகம் சுருங்கி உள்ளே போய்விட்டாள். அவன் என்ன சொன்னான் என்பது எனக்கு எட்டுவதற்குள் அவனுடைய வேன் வந்து, அவன் ஏறிப் போயிருந்தான்.